மட்ரோஸ்கா நிரல் நூலகங்களை மூலநிரலிலிருந்து நிறுவுதல்: எங்கே சிக்குகிறது, ஏன் சிக்குகிறது?

மட்ரோஸ்கா என்ற வடிவத்தில் அமைந்து, எம்கேவி என்ற பின்னொட்டோடு முடியும் காணொளிக் கோப்புகள் கணினியில் படம் பார்ப்பவர்களுக்குப் புதியவை அல்ல. அந்தக் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் திறமூல நிரல் நூலகங்களை, அதாவது லைப்ரரிகளை, மூலநிரலிலிருந்து தாமே கட்டமைத்து நிறுவ முயல்பவர்களுக்குக் குழப்பம் வழக்கமாக இரண்டு இடங்களில் எழுகிறது. நூலகம் ஒரு பிழையும் காட்டாமல் நிறுவப்பட்ட பிறகும் காணொளி ஓடுவதில்லை என்பது ஒன்று. சற்று முன்தான் நிறுவிய நூலகத்தையே அடுத்த நிரல் ‘காணவில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது என்பது மற்றொன்று.

இரண்டுமே கம்பைலரின், அதாவது மூலநிரலைக் கணினி ஓட்டத்தக்க நிரலாக மாற்றும் கருவியின், கோளாறுகள் அல்ல. கொள்கலன் வடிவம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தெளிவானால் முதல் குழப்பம் தீரும். நிறுவப்பட்ட ஒரு நூலகத்தை மூன்று வெவ்வேறு கருவிகள், மூன்று வெவ்வேறு நேரங்களில், ஒன்றை ஒன்று கலந்துகொள்ளாமல் தேடுகின்றன என்பது புரிந்தால் இரண்டாவதும் தீரும். இந்தக் கட்டுரை லிப்இபிஎம்எல், லிப்மட்ரோஸ்கா ஆகிய இரண்டு நூலகங்களை எடுத்துக்கொண்டு அந்த இரண்டையும் அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

கொள்கலன் செய்வதும் செய்யாததும்

காணொளி என்று ஒற்றைப் பெயரில் அழைக்கப்படும் கோப்பு உண்மையில் பல தரவுகளின் கூட்டு. படம் ஒரு தடம். ஒலி இன்னொரு தடம். வேற்றுமொழி ஒலி இருந்தால் அது மூன்றாவது தடம். வசன வரிகள் தனித் தடம். இவற்றோடு அத்தியாயக் குறிகள், தலைப்பு போன்ற விவரங்கள், வசன வரிகளைக் காட்டத் தேவையான எழுத்துருக்கள் ஆகியவையும் சேர்ந்திருக்கலாம்.

படத்தையும் ஒலியையும் சுருக்கி, பின்னர் விரித்துக் காட்டுவது கோடெக்கின் வேலை. எச்.264, விபி9, ஏவி1, ஓபஸ் என்பவை கோடெக்குகள். சுருக்கப்பட்ட துண்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது, எந்தத் துண்டு எந்த நொடியில் வெளிப்பட வேண்டும், நடுவிலிருந்து பார்க்க விரும்பினால் கோப்பின் எந்த இடத்துக்குத் தாவ வேண்டும் ஆகியவற்றை வரையறுப்பதே கொள்கலன் வடிவத்தின் வேலை. மட்ரோஸ்கா, எம்பி4, ஆக் ஆகியவை கொள்கலன் வடிவங்கள். 2010 மே மாதம் கூகுள் அறிவித்த வெப்எம், மட்ரோஸ்காவின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே வைக்கத்தக்க கோடெக்குகளையும் வரையறுத்துக்கொண்ட வடிவம்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு நேரடியானது. லிப்மட்ரோஸ்காவை எவ்வளவு சரியாக நிறுவினாலும் அதனால் ஒரு படத்தைக்கூடத் திரையில் காட்ட முடியாது. கோப்பைத் திறந்து, ‘இது இரண்டாவது தடத்தின் துண்டு, இதன் நேரம் இது, இதன் பைட்டுகள் இவை’ என்று எடுத்துக்கொடுப்பதோடு அதன் பொறுப்பு முடிகிறது. அந்தப் பைட்டுகளைப் படமாக்குவதற்கு வேறொரு நூலகம் வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பலருடைய உழைப்பு வீணாவது இதனால்தான். எல்லாக் காணொளி இயக்கிகளும், அதாவது பிளேயர்களும், இந்த நூலகங்களைப் பயன்படுத்துவதில்லை. எம்கேவிடூல்நிக்ஸ் கருவித்தொகுப்பும் விஎல்சி இயக்கியும் இவற்றைப் பயன்படுத்துகின்றன. எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளிக் கருவித்தொகுப்பு தன் சொந்த மட்ரோஸ்கா நிரலை வைத்திருக்கிறது, ஜிஸ்ட்ரீமர் என்ற பல்லூடகக் கட்டமைப்பும் அப்படியே. ஆகவே எஃப்எஃப்எம்பெக்கை நம்பியிருக்கும் ஓர் இயக்கியில் எம்கேவி கோப்பு சிக்கினால், லிப்மட்ரோஸ்காவைப் புதுப்பிப்பதால் அதில் எந்த மாற்றமும் நிகழாது.

ஒரு வடிவத்துக்கு இரண்டு நூலகங்கள் எதற்கு?

மட்ரோஸ்கா திட்டம் 2002 டிசம்பரில், எம்சிஎஃப் என்ற முந்தைய கொள்கலன் திட்டத்திலிருந்து பிரிந்து தோன்றியது. பிரிவுக்குக் காரணம் தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு: ஒவ்வொரு புலத்துக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கிய இறுக்கமான இரும அமைப்பா, அல்லது பின்னர் புதிய கூறுகளைச் சேர்க்க இடம்தரும் நெகிழ்வான அமைப்பா என்பதே கேள்வி. பிரிந்து சென்றவர்கள் இரண்டாவதைத் தேர்ந்து, இபிஎம்எல் என்ற இரும எழுத்துமுறையை உருவாக்கினார்கள்.

இபிஎம்எல்லில் எல்லாமே ‘கூறு’. ஒவ்வொரு கூறுக்கும் மூன்று பகுதிகள் உண்டு: அடையாள எண், அளவு, உள்ளடக்கம். உள்ளடக்கம் வெறும் தரவாகவும் இருக்கலாம், வேறு கூறுகளாகவும் இருக்கலாம். இதை ஒரு கோப்பின் தொடக்கத்திலேயே பார்த்துவிட முடியும். எந்த எம்கேவி கோப்பையும் பைட்டுகளாகத் திறந்தால் முதல் நான்கு பைட்டுகளின் மதிப்பு 26, 69, 223, 163 என்றே இருக்கும். முதல் பைட்டான 26 என்பதை இரும எண்ணாக எழுதினால் 00011010. முன்னால் மூன்று சுழியங்கள், பிறகு ஒரு 1. இந்த எழுத்துமுறையில் முன்னால் நிற்கும் சுழியங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் அந்த எண் எத்தனை பைட்டுகள் நீளம் என்பது தெரிந்துவிடும், இங்கே நான்கு. அடுத்து வருவது அளவு. அந்த இடத்தில் 159 என்ற பைட் இருப்பதாகக் கொள்வோம். இருமத்தில் அது 10011111. முன்னால் சுழியமே இல்லை, ஆகவே ஒரே பைட். நீளத்தைக் காட்டும் முதல் 1-ஐ நீக்கினால் எஞ்சுவது 31. அதாவது, தொடர்ந்து வரும் 31 பைட்டுகள் இந்தத் தலைப்புக் கூறின் உள்ளடக்கம்.

இந்த ஏற்பாட்டின் வலிமை என்னவென்றால், அடையாள எண்ணைத் தெரியாத ஒரு நிரலும் அளவைப் படித்து, அத்தனை பைட்டுகளைத் தாண்டிச் சென்று, அடுத்த கூறிலிருந்து வேலையைத் தொடரலாம். 2002-இல் எழுதப்பட்ட வடிவத்துக்குள் பல ஆண்டுகளுக்குப் பின் வந்த கோடெக்குகளும் இடம்பெற முடிந்ததற்கு இந்த நெகிழ்வு ஒரு முக்கியக் காரணம். அளவு முன்கூட்டியே தெரியாத நேரலைகளுக்கும் வழி உண்டு: அளவைக் குறிக்கும் பிட்டுகள் எல்லாவற்றையும் 1 ஆக்கிவிட்டால் ‘அளவு அறியப்படவில்லை’ என்று பொருள்.

கூறுகளைப் பிரித்தறியும் இந்த இலக்கணம் ஒரு பக்கம். எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற பொருள் மறுபக்கம். தடங்களின் பட்டியல், காட்சித் துண்டுகளைச் சுமக்கும் கிளஸ்டர், தாவிச் செல்ல உதவும் கியூஸ் பட்டியல், இணைப்பு எழுத்துருக்கள் ஆகியவை மட்ரோஸ்கா வரையறுத்த கூறுகள். நேரக் கணக்கும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் தன் நேரத்தைத் தன் கிளஸ்டரின் நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று 16 பிட் எண்ணாகக் குறிக்கிறது. இயல்பான அலகு 10,00,000 நானோ நொடி, அதாவது ஒரு மில்லி நொடி. ஆகவே ஒரு துண்டு தன் கிளஸ்டரின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 32.7 நொடிக்கு மேல் தள்ளி இருக்க முடியாது, அதற்குள் புதிய கிளஸ்டர் தொடங்கியாக வேண்டும். இப்படிப்பட்ட விதிகளை ஒவ்வொரு நிரலாளரும் புதிதாக எழுதாமல் இருக்கவே நூலகம் தேவைப்படுகிறது.

லிப்இபிஎம்எல் இலக்கணத்தை அறியும். லிப்மட்ரோஸ்கா பொருளை அறியும். இரண்டும் சி++ மொழியில் எழுதப்பட்டவை. லிப்மட்ரோஸ்காவில் கூறுகளைக் குறிக்கும் வகுப்புகள் லிப்இபிஎம்எல் தரும் அடிப்படை வகுப்புகளின் மேல் கட்டப்பட்டவை. ஆகவே முதலில் லிப்இபிஎம்எல், பிறகு லிப்மட்ரோஸ்கா, அதன்பின்னரே அவற்றைப் பயன்படுத்தும் நிரல் என்ற கட்டமைப்பு வரிசை தானாகவே வந்துவிடுகிறது. இந்த வடிவங்கள் பின்னர் இணையத் தரநிலை அமைப்பான ஐஇடிஎஃப்பிலும் ஆவணமாயின: இபிஎம்எல் 2020-இல் ஆர்எஃப்சி 8794 ஆகவும், மட்ரோஸ்கா 2024-இல் ஆர்எஃப்சி 9559 ஆகவும் வெளிவந்தன.

மூலநிரலிலிருந்தே கட்டமைக்க வேண்டுமா?

பெரும்பாலான சூழல்களில் வேண்டியதில்லை. டெபியன், ஃபெடோரா, ஆர்ச் போன்ற லினக்ஸ் வெளியீடுகளிலும், அதாவது டிஸ்ட்ரிபியூஷன்களிலும், மேக் கணினிகளுக்கான ஹோம்ப்ரூவிலும் இந்த இரண்டு நூலகங்களும் தொகுப்புகளாகவே கிடைக்கின்றன. டெபியனிலும் ஃபெடோராவிலும் ஓடுநேரக் கோப்பு ஒரு தொகுப்பிலும், தலைப்புக் கோப்புகள் அதாவது ஹெடர்கள் தனியாக ‘டெவ்’ அல்லது ‘டெவெல்’ என்று முடியும் இன்னொரு தொகுப்பிலும் இருக்கும். விஎல்சி ஓடுகிற கணினியில் முதல் தொகுப்பு ஏற்கெனவே இருக்கக்கூடும். ஆனாலும் ஒரு நிரலைக் கட்டமைக்கும்போது ‘நூலகம் இல்லை’ என்று செய்தி வந்தால், விடுபட்டது இரண்டாவது தொகுப்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மூலநிரலைத் தேடிப் போவதற்கு முன் இதைச் சரிபார்ப்பது அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

மூலநிரலிலிருந்து கட்டமைப்பது நியாயமாகும் நிலைகள் இவை:

1. கட்டமைக்கப்போகும் நிரல், லினக்ஸ் வெளியீட்டில் உள்ளதைவிடப் புதிய நூலகப் பதிப்பைக் கேட்கிறது.
2. நூலகத்தின் பிழையைத் தேடவோ திருத்தவோ வேண்டியிருக்கிறது.
3. வேறொரு இயங்குதளத்துக்கோ வேறொரு செயலிக்கோ நிரலை உருவாக்க வேண்டியிருக்கிறது.
4. பாதுகாப்புத் திருத்தம் வெளிவந்துவிட்டது, ஆனால் பயன்படுத்தும் லினக்ஸ் வெளியீடு அதை இன்னும் தரவில்லை.

‘புதியது என்றால் நல்லது’ என்பது இந்தப் பட்டியலில் இல்லை. கணினி முழுவதும் சார்ந்திருக்கும் ஒரு நூலகத்தைக் காரணமின்றி மாற்றுவது தேவையற்ற சிக்கலை வரவழைப்பதுதான்.

கட்டமைப்பின் படிகளும் அவற்றின் காரணங்களும்

இரண்டு நூலகங்களும் சிமேக் என்ற கருவியைப் பயன்படுத்துகின்றன. சிமேக் தானாக எதையும் கம்பைல் செய்வதில்லை. கணினியில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து, கட்டமைப்புக் கருவிகளான மேக், நிஞ்ஜா, விஷுவல் ஸ்டூடியோ போன்றவற்றுக்குரிய கட்டளைக் கோப்புகளை எழுதித்தரும். தேவைப்படுபவை ஒரு சி++ கம்பைலர், சிமேக், இத்தகைய கட்டமைப்புக் கருவிகளில் ஒன்று, மூலநிரல் ஆகியவை.

1. மூலநிரலைப் பெறுதல். மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் உள்ள முதன்மைக் கிளையின் நுனியை எடுக்கக் கூடாது. வெளியீட்டுக் குறி இடப்பட்ட பதிப்பையே எடுக்க வேண்டும். முதன்மைக் கிளையில் வகுப்புகளின் பெயரும் அமைப்பும் மாறிக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட லிப்இபிஎம்எல்லோடு பழைய லிப்மட்ரோஸ்காவைச் சேர்த்தால் பக்கம் பக்கமாகப் பிழைகள் வரும். அவற்றில் ஒன்றுகூட உண்மையான காரணத்தைச் சொல்லாது. ஒரே காலத்தில் வெளிவந்த இணைப் பதிப்புகளைத் தேர்வதே பாதுகாப்பு.

2. கட்டமைப்புக்குத் தனி அடைவு. மூலநிரல் இருக்கும் இடத்திலேயே கட்டமைக்காமல், ‘பில்ட்’ என்று ஓர் அடைவை உருவாக்கி அதில் கட்டமைக்க வேண்டும். சிமேக் தான் கண்டறிந்தவற்றையெல்லாம் ஒரு தற்காலிக நினைவுக் கோப்பில் எழுதிவைத்துக்கொள்கிறது. முதல் முறை தவறான இடத்தைக் கண்டறிந்திருந்தால், பின்னர் சூழலைச் சரிசெய்தாலும் அந்தப் பழைய விடையையே அது மீண்டும் சொல்லக்கூடும். தனி அடைவு இருந்தால் அதை முழுவதுமாக அழித்துவிட்டுத் தொடங்கலாம். விளங்காத சிமேக் பிழைகளுக்கு முதலில் செய்து பார்க்க வேண்டியதும் இதுவே.

3. நிறுவும் இடத்தைத் தீர்மானித்தல். ‘இன்ஸ்டால் பிரிஃபிக்ஸ்’ என்ற மாறியில் இதைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ‘யூஎஸ்ஆர்’ அடைவுக்குள் இருக்கும் ‘லோக்கல்’ என்ற அடைவுக்குள் போகும். ‘யூஎஸ்ஆர்’ என்பதையே நேரடியாகக் கொடுக்கும்படி சொல்லும் அறிவுரைகள் உலவுகின்றன. அவற்றை ஏற்கவே கூடாது. அந்த இடம், தொகுப்புகளை நிறுவிப் புதுப்பிக்கும் தொகுப்பு மேலாளர் என்ற நிரலுக்கு உரியது. அங்கே கைவைத்தால், அடுத்த புதுப்பிப்பில் நம் கோப்பு அழியும், அல்லது அதன் கோப்பு நம்முடையதோடு முரண்படும். சோதனைக்காக நிறுவுபவர்களுக்கு வீட்டு அடைவுக்குள் ஒரு தனி இடமே சிறந்தது. நிர்வாகி உரிமையும் தேவைப்படாது.

4. லிப்இபிஎம்எல்லைக் கட்டமைத்து நிறுவுதல். முதலில் சிமேக்கை மூலநிரல் அடைவையும் பில்ட் அடைவையும் சுட்டி ஓட்ட வேண்டும். கட்டமைப்பு வகையை ‘ரிலீஸ்’ என்று குறிப்பிட வேண்டும். ஒற்றை வகையை மட்டும் உருவாக்கும் மேக் போன்ற கட்டமைப்புக் கருவிகளில் இதைக் குறிப்பிடாவிட்டால், கம்பைலர் வேகத்துக்கான மேம்படுத்தலைச் செய்யாமலே விட்டுவிடலாம். பிறகு ‘பில்ட்’, அடுத்து ‘இன்ஸ்டால்’ கட்டளைகள்.

5. லிப்மட்ரோஸ்காவுக்கு வழிகாட்டுதல். இதே படிகளை லிப்மட்ரோஸ்காவுக்கும் செய்ய வேண்டும், ஒரு கூடுதலோடு: லிப்இபிஎம்எல் எங்கே நிறுவப்பட்டது என்பதை ‘பிரிஃபிக்ஸ் பாத்’ என்ற மாறியில் சொல்ல வேண்டும். ‘இன்ஸ்டால் பிரிஃபிக்ஸ்’ என்பது எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு. ‘பிரிஃபிக்ஸ் பாத்’ என்பது எங்கே தேட வேண்டும் என்பதற்கு. பெயர்கள் நெருங்கியிருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நேரும் பிசகு.

6. நிறுவிய பட்டியலைப் பாதுகாத்தல். நிறுவல் முடிந்ததும் பில்ட் அடைவில் நிறுவப்பட்ட ஒவ்வொரு கோப்பின் முழுப் பாதையையும் கொண்ட ஓர் உரைக் கோப்பைச் சிமேக் எழுதுகிறது. நிறுவியதை நீக்கும் கட்டளையைச் சிமேக் இயல்பாகத் தருவதில்லை. ஆகவே நாளை நீக்க வேண்டுமென்றால் கைகொடுப்பது இந்தப் பட்டியல் ஒன்றுதான். பில்ட் அடைவை அழிக்கும் முன் இதைப் பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

நிலை நூலகமா, பகிர்வு நூலகமா?

ஒரே மூலநிரலிலிருந்து இரண்டு வகை நூலகங்களை உருவாக்கலாம். நிலை நூலகம், அதாவது ஸ்டாட்டிக் லைப்ரரி, அதைப் பயன்படுத்தும் நிரலுக்குள்ளேயே கலந்துவிடும். ஓடும்போது தனிக் கோப்பு தேவையில்லை. பகிர்வு நூலகம், அதாவது ஷேர்டு லைப்ரரி, தனிக் கோப்பாகவே இருக்கும். பல நிரல்கள் ஒரே கோப்பைப் பயன்படுத்தும். எந்த வகை என்பதைச் சிமேக்கிடம் ‘பில்ட் ஷேர்டு லிப்ஸ்’ என்ற மாறியால் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. இயல்புநிலையை நம்பியிருப்பது பதிப்புக்குப் பதிப்பு ஏமாற்றலாம்.

இந்தத் தேர்வில் கவனிக்க வேண்டியவை பல. லிப்இபிஎம்எல்லை நிலை நூலகமாகவும் லிப்மட்ரோஸ்காவைப் பகிர்வு நூலகமாகவும் கட்டமைத்தால், பகிர்வு நூலகத்துக்குள் கலக்கப்படும் நிரல் நினைவகத்தின் எந்த முகவரியிலும் ஓடத்தக்கதாகக் கம்பைல் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதற்குரிய விருப்பத்தை லிப்இபிஎம்எல்லைக் கட்டமைக்கும்போதே கொடுக்காவிட்டால், பின்னால், நிரல் துண்டுகளையும் நூலகங்களையும் ஒன்றாக இணைக்கும் லிங்கர் என்ற கருவியின் கட்டத்தில் ‘எஃப்பிஐசி விருப்பத்தோடு மீண்டும் கம்பைல் செய்க’ என்ற செய்தி வரும். செய்தி லிப்மட்ரோஸ்காவைக் கட்டமைக்கும்போது தோன்றினாலும் திருத்த வேண்டியது லிப்இபிஎம்எல்லை என்பதால், அதைப் பார்ப்பவர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

உரிமமும் இதில் வருகிறது. இரண்டு நூலகங்களும் எல்ஜிபிஎல் 2.1 உரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றன. அந்த உரிமத்தின்படி, நூலகத்தை நிலையாகக் கலந்து உருவாக்கிய மூடிய நிரலை ஒருவர் பிறருக்கு வழங்கினால், பெறுபவர் நூலகத்தின் திருத்திய பதிப்போடு அந்நிரலை மீண்டும் இணைத்துக்கொள்ளத் தேவையானவற்றையும் வழங்க வேண்டும். பகிர்வு நூலகமாக வைத்தால் அந்தக் கடமையை நிறைவேற்றுவது எளிது. நூலகக் கோப்பை மாற்றினாலே போதும். திருத்தும் உரிமை நிரலைப் பயன்படுத்துபவரிடம் தங்கியிருக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட விதி இது. வெறும் சம்பிரதாயமாக எண்ணி இதைக் கடந்துவிடக் கூடாது.

மூன்று தேடல்கள், மூன்று வகைப் பிழைகள்

நிறுவலுக்குப் பின் வரும் ‘காணவில்லை’ என்ற செய்தி ஒரே செய்தி போலத் தோன்றினாலும், அதைச் சொல்லும் கருவி எது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

முதல் தேடல்: அமைவுக் கட்டம். சிமேக்கோ பேக்கேஜ்-கன்ஃபிக் என்ற கருவியோ நூலகத்தைத் தேடும் நேரம் இது. இரண்டும் நூலகக் கோப்பைத் தேடுவதைவிட, நூலகத்தை விவரிக்கும் சிறிய உரைக் கோப்பையே தேடுகின்றன. சிமேக்குக்கு ஒரு விவரக் கோப்பு. பேக்கேஜ்-கன்ஃபிக்குக்கு ‘பிசி’ என்று முடியும் வேறொரு விவரக் கோப்பு. ஒன்று தேடும் பட்டியலை மற்றொன்று பார்ப்பதில்லை. வீட்டு அடைவில் நிறுவியிருந்தால், பேக்கேஜ்-கன்ஃபிக்குக்கு அதன் பாதை மாறியில் அந்த ‘பிசி’ கோப்புகள் இருக்கும் அடைவைச் சேர்க்க வேண்டும். சில 64 பிட் வெளியீடுகளில் நூலகங்கள் ‘லிப்’ அடைவுக்குப் பதில் ‘லிப்64’ அடைவுக்குள் போகும் என்பதால், இடத்தை ஊகிக்காமல் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது தேடல்: இணைப்புக் கட்டம். லிங்கர், நிரல் கேட்கும் ஒவ்வொரு செயற்கூறின் பெயரையும் நூலகங்களுக்குள் தேடுகிறது. ‘வரையறுக்கப்படாத சுட்டல்’ என்ற பொருளில் வரும் பிழை இக்கட்டத்துக்குரியது. நிலை நூலகங்களைக் கையாளும்போது வரிசை முக்கியம்: யூனிக்ஸ் வகை லிங்கர்கள் இடமிருந்து வலமாகப் படித்து, அதுவரை கேட்கப்பட்டவற்றை மட்டுமே எடுத்துக்கொள்வது மரபு. லிப்மட்ரோஸ்கா லிப்இபிஎம்எல்லைக் கேட்பதால், கட்டளையில் லிப்மட்ரோஸ்கா முதலிலும் லிப்இபிஎம்எல் பின்னரும் வர வேண்டும். கட்டமைத்த வரிசைக்கு இது நேர் எதிரானது என்பதை மறந்துவிடக் கூடாது.

வரிசை சரியாக இருந்தும் சுட்டல் பிழை வந்தால், பிழைச் செய்தியில் ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2015-இல் வெளிவந்த ஜிசிசி 5 கம்பைலர், சி++ மொழியின் எழுத்துச் சரம் நினைவகத்தில் அமையும் விதத்தை மாற்றியது. பழைய அமைப்பில் கம்பைல் செய்த நூலகமும் புதிய அமைப்பில் கம்பைல் செய்த நிரலும் ஒன்றையொன்று அறியா. அந்த மாற்றத்தின்போது டெபியன், பாதிக்கப்பட்ட சி++ நூலகத் தொகுப்புகளின் பெயரோடு ‘வி5’ என்ற ஒட்டைச் சேர்த்தது. லிப்இபிஎம்எல்லும் அவற்றுள் ஒன்று. விண்டோஸில் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது: விஷுவல் ஸ்டூடியோவில் ‘டிபக்’ வகையாகக் கட்டமைத்த நூலகத்தை ‘ரிலீஸ்’ வகை நிரலோடு இணைக்க முடியாது. சி மொழியில் எழுதப்பட்ட லிப்ஆக் போன்ற நூலகத்துக்கு எழுத்துச் சர அமைப்பால் வரும் இந்தத் தொல்லை இல்லை. சி++ நூலகத்தைப் பொறுத்தவரை, அதையும் அதைப் பயன்படுத்தும் நிரலையும் ஒரே கம்பைலரால், ஒரே அமைவுகளோடு உருவாக்குவதே நம்பகமான வழி.

மூன்றாவது தேடல்: ஓட்டக் கட்டம். நிரல் தொடங்கும் கணத்தில் இயங்குதளத்தின் ஏற்றி, அதாவது லோடர், பகிர்வு நூலகங்களைத் தேடுகிறது. லினக்ஸில் அது எல்லா அடைவுகளையும் துழாவுவதில்லை. முன்கூட்டித் தயாரித்த ஒரு பட்டியலைப் பார்க்கிறது. அந்தப் பட்டியலைப் புதுப்பிப்பது ‘எல்டிகன்ஃபிக்’ என்ற கட்டளை. நிறுவியபின் அதை ஓட்டாததே ‘கம்பைல் ஆனது, ஆனால் ஓடவில்லை’ என்ற நிலைக்கு வழக்கமான காரணம். ‘லோக்கல்’ அடைவை இந்தப் பட்டியலில் சேர்ப்பது டெபியனில் இயல்பு. ஃபெடோராவில் அது இயல்பாக இல்லை, நாமே சேர்க்க வேண்டும்.

வீட்டு அடைவில் நிறுவியவர்களுக்கு இன்னும் நுட்பமான ஒரு பொறி காத்திருக்கிறது. சிமேக், கட்டமைக்கும்போது உருவான நிரலுக்குள் நூலகம் இருக்கும் பாதையை எழுதிவைக்கிறது. ஆனால் நிறுவும்போது இயல்பாக அந்தப் பாதையை நீக்கிவிடுகிறது. எனவே பில்ட் அடைவில் நன்றாக ஓடிய நிரல், நிறுவப்பட்ட இடத்தில் ஓடாமல் போகிறது. நிறுவிய பின்னும் நிலைக்க வேண்டிய பாதையைச் சிமேக்கின் ‘இன்ஸ்டால் ஆர்பாத்’ மாறியில் கொடுப்பதே முறையான தீர்வு. ‘எல்டி லைப்ரரி பாத்’ என்ற சூழல் மாறியை நிரந்தரமாக அமைத்துவிடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் அது அந்தச் சூழலில் தொடங்கும் எல்லா நிரல்களின் தேடலையும் திசைதிருப்பும். சோதனைக்கு ஒருமுறை பயன்படுத்தலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பதிப்பெண் எதைக் காக்கிறது?

பகிர்வு நூலகக் கோப்பின் பெயரில் முடிவாக ஓர் எண் இருக்கும். லிப்இபிஎம்எல் 1.4 வரிசைக்கு அந்த எண் 5. நிரலுக்குள் பதிவாவது இந்த எண்ணோடு கூடிய பெயர்தான். பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மாற்றத்தை நூலகம் செய்யும்போது இந்த எண்ணைக் கூட்ட வேண்டும் என்பது மரபு. அப்போது பழைய நிரல் பழைய கோப்பையும் புதிய நிரல் புதிய கோப்பையும் தேடும், இரண்டும் அருகருகே இருக்கலாம். ‘எண் 5 கொண்ட கோப்பு காணவில்லை’ என்று செய்தி வரும்போது, எண் 4 கொண்ட கோப்புக்கு எண் 5 என்று பெயரிட்ட ஓர் இணைப்பை உருவாக்கிவிடச் சொல்லும் யோசனை உண்டு. அது செய்தியை மட்டும் அடக்கும். உள்ளே வகுப்புகளின் அமைப்பு வேறாக இருப்பதால் நிரல் தவறான இடத்திலிருந்து படித்து, எப்போது வேண்டுமானாலும் நிலைகுலையலாம்.

நிறுவிய பின் தொடரும் பொறுப்பு

கொள்கலனைப் படிக்கும் நூலகம் மற்ற பல நூலகங்களிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது: முன்பின் அறியாத ஒருவர் உருவாக்கிய கோப்பை முதலில் தொடுவது அதுதான். மேலே பார்த்த அளவு என்ற புலத்தை நினைத்துப் பார்க்கலாம். கோப்பு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் எண் அது; தீய நோக்கத்தோடு எழுதப்பட்ட கோப்பில் அது பொய்யாக இருக்கலாம். நூலகம் அந்த எண்ணைச் சோதிக்காமல் நம்பி நினைவகத்தை ஒதுக்கினால், ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதும் நிலை வரலாம்.

இது கற்பனை அல்ல. லிப்இபிஎம்எல் 1.4.2-க்கு முந்தைய பதிப்புகளில், எழுத்துச் சரக் கூறுகளைப் படிக்கும் பகுதியில் நினைவக எல்லையை மீறும் பிழை இருந்தது. அது பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலான சிவிஇ-யில் சிவிஇ-2021-3405 என்ற எண்ணில் பதிவாகி, 1.4.2 பதிப்பில் திருத்தப்பட்டது. தொகுப்பு மேலாளர் வழியாக நூலகத்தைப் பெற்றவர்களுக்கு இத்தகைய திருத்தம் வழக்கமான புதுப்பிப்போடு வந்து சேரும். மூலநிரலிலிருந்து நிறுவியவரிடம் யாரும் சொல்லப்போவதில்லை. புதிய வெளியீடுகளைக் கவனித்து, மீண்டும் கட்டமைக்கும் கடமை அவரையே சேர்ந்தது. நிலை நூலகமாகக் கலந்திருந்தால் கடமை இன்னும் பெரிது: நூலகத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, அதைக் கலந்துகொண்ட ஒவ்வொரு நிரலையும் மீண்டும் இணைக்க வேண்டும்.

புதிய பதிப்பை நிறுவியபின், அதைத்தான் நிரல் உண்மையில் பயன்படுத்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். தொகுப்பு மேலாளர் நிறுவிய பிரதி ஒன்று, நாம் நிறுவிய பிரதி ஒன்று என இரண்டும் ஒரே கணினியில் இருக்கும்போது, அமைவுக் கட்டத்தில் ஒன்றும் ஓட்டக் கட்டத்தில் மற்றொன்றும் கண்டறியப்படுவது அரிதல்ல. லினக்ஸில் ‘எல்டிடி’ என்ற கட்டளைக்கு நிரலின் பாதையைக் கொடுத்தால், ஏற்றி தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு பகிர்வு நூலகத்தின் முழுப் பாதையையும் அது காட்டும். மேக் கணினியில் ‘ஓடூல்’ கட்டளை, நிரலுக்குள் பதிவாகியிருக்கும் நூலகப் பாதைகளைக் காட்டும். நம்பகமற்ற நிரல்களின் மேல் ‘எல்டிடி’யை ஓட்டக் கூடாது, ஏனெனில் சில சூழல்களில் அது அந்த நிரலையே ஓட்டிவிடக்கூடும். விடையில் லிப்இபிஎம்எல், லிப்மட்ரோஸ்கா இரண்டின் பாதைகளும் நாம் நிறுவிய அடைவையே காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வேறிடத்தைக் காட்டினால், வெவ்வேறு காலத்தில் கட்டமைக்கப்பட்ட இரண்டு நூலகங்கள் ஒரே நிரலுக்குள் சந்திக்கின்றன என்று பொருள். கோப்புகளைத் திறந்து சோதிப்பதற்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும்.